செருப்பளவுக் காகிதம்

தம்பிக்கு அனுப்புவதாக நினைத்துத்தான் ருய்லியன் அழுத்தினாள். அப்பாவின் குரலோ ஊரே இருக்கும் வீசாட் அரட்டைக் குழுவில் போய் விழுந்தது. தோங்குவான் தொழிற்சாலையிலிருந்து புத்தாண்டு விடுமுறைக்கு வந்தவள், அப்பாவின் பழைய கதைகளை ஃபோனில் பதிவு செய்துகொண்டிருந்தாள். கவனிப்பதற்குள் பாதி ஊர் கேட்டுவிட்டது.

நாட்டுத் தலைவரின் படத்தைக் கசக்கினாலே குற்றம் என்றிருந்த காலத்துக் கதை அது. அப்பாவின் அம்மா துணிச்செருப்பு தைக்க, அளவுக்காகப் பழைய செய்தித்தாளைப் பாத வடிவில் வெட்டினாள். பின்பக்கம் தலைவரின் முகம் இருந்ததை அவள் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மெங் பார்த்தான். பள்ளியில் போய்ச் சொன்னான். அந்தக் காகிதத்தைக் கழுத்தில் தொங்கவிட்டு அவளைத் தெருத்தெருவாக இழுத்துப் போனார்கள்.

அதே மெங்தான் இன்றும் சாயங்காலமானால் அப்பாவோடு சதுரங்கம் ஆட வருகிறவர். "டேய் கிழவா, உன் யானை தூங்குதுடா!" என்று அப்பா கத்துவது தெருமுனைவரை கேட்கும்.

அப்பாவின் குரல் குழுவுக்குப் போன அன்றிலிருந்து மெங் வரவில்லை.

"தெரிஞ்சுமாப்பா அவரோட ஆடினீங்க?"

"அப்ப அவன் சின்னப் பையன். அதைப் பத்திக் கேட்டிருந்தா நான் ஒண்டியா உக்காந்து ஆடியிருக்கணும். போ, டீ போடு."

ருய்லியன் ஆவி பறக்கும் கொழுக்கட்டைகளைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு போய் மெங்கின் கதவைத் தட்டினாள்.

"பெரியப்பா, தப்பு என்னோடது. அப்பா எங்கிட்ட மட்டும்தான் சொன்னாரு. நான்தான் எங்கயோ அனுப்பித் தொலைச்சுட்டேன். அவருக்கு உங்க மேல கோவமே இல்ல."

மெங் கதவைப் பாதிதான் திறந்தார்.

"அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுத்தாம்மா இத்தன வருஷம் வந்தேன். அவன் தெரிஞ்சே டீ குடுத்திருக்கான். இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"பெரியப்பா..."

"கொழுக்கட்டை ஆறுது. எடுத்துட்டுப் போம்மா."

வீடு திரும்பியபோது அப்பா பலகையில் இரண்டு பக்கமும் காய்களை அடுக்கி வைத்திருந்தார். அவள் எதிரே போய் உட்கார்ந்தாள்.

"நான் ஆடறேம்பா."

"குதிரைய எப்பிடி நகத்தறதுன்னே உனக்குத் தெரியாது. எந்திரி. அது அவன் எடம்."

எழுந்தாள். காற்று குளிராக அடித்தது. கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாத" என்றார் அப்பா, பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே.