இருபத்தோரு பாட்டில்களைப் படுக்கவைத்தவர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் கேட்டபோது என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. தாடையை ஒரு பிளாஸ்டிக் தாங்கியில் வைத்து, நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டி உட்கார்ந்திருந்தேன். கண் பரிசோதனை. எதிரே கண்ணாடிக் கடைக்காரர். "ஆடாதீங்க" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். தலையாட்டாமல், "அப்புறம்?" என்றுகூடக் கேட்காமல் ஒரு கதையைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் சொன்னதன் சுருக்கம் இதுதான். வீட்டில் இருபத்தோரு பாட்டில் பர்பன் வைத்திருக்கிறார். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தங்கையும் தங்கை கணவரும் சாப்பிட வருவார்கள். அவர்கள் வருவதற்கு முன் பாட்டில்களையெல்லாம் படுக்கவைப்பார். போனதும் நிமிர்த்திவைப்பார். பதினான்கு மாதமாக இதுதான் நடக்கிறது. "போன ஞாயித்துக்கிழமை மாட்டிக்கிட்டேன்" என்றார். அதற்குள் வாசலில் மணி அடித்தது. "பவர் கொஞ்சம் ஏறியிருக்கு" என்று சீட்டை என் கையில் திணித்து அனுப்பிவிட்டார்.

மாட்டிக்கொண்ட பிறகு என்ன ஆயிற்று? எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் மனைவியிடம் சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பேன். தெரியாததால் எழுதுகிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'கருகிய ஓக் பீப்பாயின் இருளுக்குள் நான்கு கோடைகள் உறங்கிய அந்தப் பொன்னிறத் திரவம்—'

வேண்டாம். இது பாட்டில்மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் வருகிற எழுத்து.

இரண்டாம் முயற்சி: 'ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதர் குடிக்க ஆரம்பித்தார்.' இதைப் படித்துவிட்டு என் மனைவி, "ஐயோ பாவம், குடும்பம் என்ன ஆச்சு?" என்றாள். நம் மொழியில் ஒருவர் குடிக்க ஆரம்பித்தார் என்று எழுதினால், அடுத்த பத்தியில் வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாகத் தெருவுக்கு வந்தாக வேண்டும். இவர் அந்த ஜாதி இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள், இருமல் மருந்து மூடி அளவுக்கு. அதையும் முகர்ந்து முகர்ந்து முக்கால் மணி நேரம் ஓட்டுவார்.

மூன்றாம் முயற்சி: 'கண்ணாடிக் கடைக்காரர் தனியாக இருந்தார்.' இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

(பர்பன் என்றதும் நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட்டை நினைத்தவர்கள் வெட்கப்பட வேண்டாம். அவருடைய தங்கையும் அதைத்தான் நினைத்தாள். "ரெண்டு பாக்கெட் எனக்கும் எடுத்து வை" என்றாளாம். இது விஸ்கி. பாதிக்கு மேல் சோளம். உள்பக்கம் நெருப்பில் கருக்கிய புதுப் பீப்பாயில் ஊறுவது. எனக்கே போன மாதம்தான் தெரியும்.)

3

கண்ணாடிக் கடைக்காரர் தனியாக இருந்தார். கடையை ஆறு மணிக்குச் சாத்தினால் அதற்குப் பிறகு அவரோடு பேச அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும்தான். யாரோ ஒரு வாடிக்கையாளர் நன்றிக்காக ஒரு பாட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, கடை நோட்டில் பழக்கதோஷத்தில் தேதி போட்டு எழுதினார்: 'எரிகிறது.'

மறுநாள்: 'எரிகிறது. நேற்றைவிடக் குறைவு.'

ஐந்தாம் நாள் விற்கிற கடைக்கே போய்க் கேட்டார். கடைக்காரப் பெண்மணி, "மோந்து பாக்கும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கங்க சார், மூக்கைக் குத்தாது. ரெண்டு சொட்டுத் தண்ணி விடுங்க. முதல்ல மூணே மூணு பாட்டில் வாங்குங்க. ரை தானியம் சேந்தது ஒண்ணு, கோதுமை சேந்தது ஒண்ணு, தண்ணி கலக்காம அப்படியே அடைச்சது ஒண்ணு. மூணையும் அடையாளம் தெரிஞ்சப்புறம் நாலாவதுக்கு வாங்க" என்றார். இவரும் சொன்னபடியே செய்தார். ஒன்பதாம் நாள் நோட்டில் 'வெண்ணிலா?' என்று ஒரு கேள்விக்குறியோடு எழுதினார். அன்றைக்கு அவருக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

முப்பது வருடத் தொழில் சும்மா விடுமா? இரண்டு கோப்பைகளில் ஊற்றி, கண் பார்க்கிற மாதிரியே தன்னைத் தானே கேட்டுக்கொள்வார்: "ஒண்ணா, ரெண்டா? எது தெளிவு?" தானே பதிலும் சொல்லிக்கொள்வார். "ரெண்டு. இல்ல, மறுபடி ஒண்ணைக் காட்டுங்க." இப்படித்தான் மூன்று ஏழாகி, ஏழு இருபத்தொன்றாகி, வரவேற்பறைச் சுவரோரம் வரிசையாக நின்றன. பாதியைத் திறக்கவில்லை. நல்ல பாட்டிலைத் தனியாகத் திறக்க மனம் வராது என்று என்னிடம் சொன்னார். (நான் தாடையைத் தாங்கியில் வைத்திருந்தேன். அதனால் யாரோடு திறக்க மனம் வரும் என்று கேட்கவில்லை.)

4

இப்போது தச்சர். கண்ணாடிக் கடைக்காரரின் தங்கை கணவர்.

பதினோரு வருடம் முன்பு கண்ணாடிக் கடைக்காரரின் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரி வராந்தாவில் குடும்பமே நின்றது. தச்சர் தயங்கித் தயங்கி, "இன்னொரு டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா மச்சான்?" என்றார். தூக்கமில்லாத மச்சான், அத்தனை பேர் முன்னாலும், "மரம் அறுக்கிறவருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்றுவிட்டார்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. அதுதான் சங்கடமே. கெட்டுப்போயிருந்தால் மன்னிப்புக் கேட்க ஒரு சந்தர்ப்பம் கிடைத்திருக்கும். எல்லாம் சரியாகிவிட்டதால் அந்த ஒரு வாக்கியம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. தச்சர் சண்டை போடவில்லை. அந்த வீட்டுப் படி ஏறுவதை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான். பத்து வருடம் ஏறவில்லை.

பதினான்கு மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோளில் ஒரு மர அடுக்கைச் சுமந்துகொண்டு மனைவியோடு வந்து நின்றார். இருபத்துநான்கு அறைகள். ஓர் ஆணி கிடையாது. எல்லாம் பள்ளமாகக் காடி வெட்டி இணைத்தது. ஓரங்களை விரலால் தடவினால் வெண்ணெய் மாதிரி வழுக்கியது. "பாட்டிலெல்லாம் தரையில கெடக்குன்னு இவ சொன்னா. இதுல படுக்க வெச்சா அழகா இருக்கும், மச்சான்" என்றார்.

அவர் ஒயின் பாட்டில்களை வைக்கிற படத்தைப் பார்த்து அளவெடுத்துச் செய்திருந்தார். ஒயினைப் படுக்கத்தான் வைக்க வேண்டும். பர்பனைப் படுக்கவைக்கக் கூடாது. சாராயத்தின் காரம் கார்க்கைத் தின்றுவிடும். கார்க் பொடிந்து உள்ளே விழும். சேகரிக்க ஆரம்பிக்கிற எவருக்கும் சொல்லித் தரும் முதல் பாடம் இது. கண்ணாடிக் கடைக்காரர் சொல்வதற்கு வாயைத் திறந்தார். அந்த வீட்டுக்குள் தச்சர் பத்து வருடம் கழித்து நிற்கிறார். நின்றவுடன் அவர் கைவேலையில் குற்றம் கண்டுபிடிப்பதா? மரம் அறுக்கிறவருக்கு மரமும் தெரியாது என்பதா?

"பிரமாதம், மாப்ள" என்றார்.

இருவருமாகப் பாட்டில்களைப் படுக்கவைத்தார்கள்.

5

இந்த இடத்தில் கதை மூன்று நாள் நின்றது. காரணம் தங்கை.

அவளை நான் முதலில் அழவைத்திருந்தேன். 'அண்ணனுக்கும் கணவனுக்கும் நடுவே அவள் ஒரு மெழுகுவர்த்தியைப் போல—' ச்சீ. அவள் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள். கழுத்தில் எப்போதும் விசில். அவள் அழுதால் எனக்கே நம்பிக்கை வராது. "மாசத்துக்கு ரெண்டு ஞாயிறு, பன்னெண்டு மணிக்கு நாங்க வருவோம், ரெண்டு பேரும் எதிரெதிர உக்காந்து சாப்பிடுவீங்க, அவ்ளோதான்" என்று சட்டம் போட்டவள் அவள். அந்தச் சட்டத்தால்தான் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பேச்சென்னவோ "குழம்பு வேணுமா", "போதும்" அளவில்தான். ஆனாலும் கண்ணாடிக் கடைக்காரர் அந்த இரண்டு ஞாயிறுகளுக்காகத்தான் மற்ற நாட்களை ஓட்டினார். உண்மையைச் சொன்னால் அதுவும் போய்விடும் என்று பயந்தார்.

என் மனைவி கதையைப் பாதியில் படித்துவிட்டு, "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றாள். நான் அவருக்கு ஒரு நல்ல வசனம் எழுதினேன். அரைப் பக்கம். கார்க், சாராயம், மரியாதை எல்லாம் அதில் இருந்தது. அவர் வாயில் அது ஏறவே இல்லை. ஞாயிறு காலை பதினொன்றரைக்கு மறுபடியும் மண்டியிட்டுப் பாட்டில்களைப் படுக்கவைத்துக்கொண்டிருந்தார்.

6

மாட்டிக்கொண்ட ஞாயிறு.

நீச்சல் குளத்தில் தண்ணீர் மாற்றுகிறார்கள் என்று காலை வகுப்பு ரத்து. தங்கையும் தச்சரும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். கதவைத் திறந்த கண்ணாடிக் கடைக்காரருக்கு முகம் வெளுத்தது. சுவரோரம் பாட்டில்கள் நின்றன. அந்த அழகான அடுக்கில் இரண்டு குடை, சுருட்டிய செய்தித்தாள்கள், ஒரு ஜோடி செருப்பு.

தச்சர் செருப்பைப் பார்த்தார்.

"அண்ணே, என்ன இது?" என்றாள் தங்கை.

'துடைக்க எடுத்தேன்' என்று ஒரு பொய்யை அவருக்காகத் தயாராக வைத்திருந்தேன். அவர் அதைத் தொடவில்லை. ஏன் என்று எனக்கும் தெரியாது. செருப்பைப் பார்த்த அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல முடியாமல் போயிருக்கலாம்.

"படுக்க வெச்சா கார்க் கெட்டுடும், மாப்ள. இது ஒயின் இல்ல. காரம் ஜாஸ்தி, தின்னுடும்."

"எப்போலேந்து தெரியும்?"

"நீங்க கொண்டுவந்த அன்னிக்கே."

"அப்ப நாங்க வர்ற அன்னிக்கெல்லாம்...?"

"வர்றதுக்கு முன்னாடி படுக்க வெப்பேன். போனப்புறம் நிமித்துவேன்."

"இருபத்தோரு பாட்டிலையும்?"

"எல்லாத்தையும்."

தங்கை விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊதவில்லை.

7

முடிவு அ: தச்சர் ஒன்றும் பேசாமல் படியிறங்கிப் போய்விடுகிறார். எழுதினேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: தச்சர் வெடித்துச் சிரிக்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். பதினோரு வருடத்தை ஒரு சிரிப்பில் கழுவிவிட முடியும் என்று நம்ப எனக்கு வயதாகிவிட்டது.

முடிவு இ: தச்சருக்கு முதலிலிருந்தே தெரியும், வேண்டுமென்றே விட்டு வேடிக்கை பார்த்தார். என் மனைவிக்கு இதுதான் பிடித்திருந்தது. ஆனால் நான் அறிந்த தச்சர் அப்படி ஒருவரை மாதக்கணக்கில் மண்டியிட வைக்கிறவர் இல்லை.

பிறகு நடந்தது நான் யோசித்தது இல்லை. சத்தியமாக இல்லை. தச்சர் குந்தி உட்கார்ந்து, குடைகளை எடுத்தார். செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். செய்தித்தாள்களை உருவினார். கீழ் வரிசை மூலையில் ஒரு பாட்டில் இன்னும் படுத்தபடியே கிடந்தது. கடைக்காரர் எப்போதோ நிமிர்த்த மறந்தது. அதையும் எடுத்து ஓரமாக வைத்தார். அறைகளுக்குள் கையை விட்டு, பின்பலகையை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"பின்பக்கம் கெட்டியாத்தான் போட்டிருக்கேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "இதையே மல்லாக்கப் போட்டா, பாட்டில் நிக்கும்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். இந்த அடுக்கு என் மேஜையில் இரண்டு வாரமாக இருக்கிறது. நான்தான் அதற்கு அறை வைத்தேன், காடி வெட்டினேன், வெண்ணெய் என்றெல்லாம் உவமை சொன்னேன். மல்லாக்கப் போடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடிக் கடைக்காரருக்கும் பதினான்கு மாதமாகத் தோன்றவில்லை. தச்சருக்கு இரண்டு தட்டுப் போதுமாக இருந்தது.

"சொல்லியிருந்தா அரை நிமிஷ வேலை, மச்சான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கண்ணாடிக் கடைக்காரருக்கு அது தாங்கவில்லை. நான் எழுதிக்கொடுத்த அரைப் பக்க வசனத்தில் ஒரு சொல்லைக்கூட அவர் எடுத்துக்கொள்ளவில்லை.

"மாப்ள, அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அத்தனை பேர் முன்னாடி. நீங்க கேட்டது நல்ல கேள்வி. எங்கப்பாவுக்காகத்தான் கேட்டீங்க. தப்பு என்னுது."

தச்சர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுக்கின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் பிடிங்க. கனமா இருக்கும்" என்றார்.

இருவருமாகத் தூக்கி மெதுவாக மல்லாக்கக் கிடத்தினார்கள். தங்கை பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் தத்தம் அறையில் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

8

மூலையில் மறந்துபோன அந்தப் பாட்டிலை மட்டும் வைக்க முடியவில்லை. கார்க் என்ன ஆயிற்று என்று பார்க்க மூடியைத் திருகியதும் அது பாதியோடு பிய்ந்து கையில் வந்தது. மீதி உள்ளே. இனிமேல் அதை வைத்திருக்க முடியாது, குடித்துத்தான் ஆக வேண்டும். இருபத்தொன்றில் நல்ல பாட்டில் அதுதான் என்று சொன்னால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்பீர்கள். ஆமாம், வேண்டுமென்றேதான் செய்தேன். ஆசிரியன் என்று ஒருவன் எதற்கு இருக்கிறான்?

டீ வடிகட்டியில் வடித்து மூன்று கோப்பைகளில் ஊற்றினார் கண்ணாடிக் கடைக்காரர். சாப்பாட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. "வாயைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பாருங்க, மாப்ள." தச்சர் அப்படியே செய்தார். கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார். தங்கை தன்னுடையதைக் குடித்துவிட்டு, "எரியுது" என்றாள்.

வாசகரே, கேட்ட மன்னிப்புக்குத் தச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். அவருக்காக நான் மூன்று பதில்கள் எழுதிப் பார்த்தேன். மூன்றுமே நான் கேட்க ஆசைப்பட்ட பதில்கள். அதாவது, நான் ஒருவரிடம் தப்பாகப் பேசிவிட்டு இன்னும் மன்னிப்புக் கேட்காமல் இருக்கிற ஒரு விஷயத்துக்கான பதில்கள். அவற்றைத் தச்சர் தலையில் கட்டுவது நியாயம் இல்லை. மூன்றையும் அடித்துவிட்டேன்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். அவர் இடத்தில் தச்சரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி, ஜன்னல் திறந்திருக்கிறது. யாருக்கும் எங்கும் போகிற அவசரம் இல்லை. தச்சர் கோப்பையைக் கீழே வைக்கிறார். எதிரே இருப்பவரை நேராகப் பார்க்கிறார்.

"மச்சான்," என்கிறார், "