சன்னலோடு கட்டிய அலமாரி

அட்டைப்பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே மாரிச்செல்வம் அதை ஒரு முனையில் தூக்கிப் பார்த்து, முப்பத்தைந்து கிலோ இருக்கும் என்றான். மேலே ஒட்டியிருந்த சீட்டில் முப்பத்தாறு என்று போட்டிருந்தது. கொச்சித் துறைமுகத்தை ஒட்டிய வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில், லாரியில் ஏறும் சரக்கைப் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுவது அவன் வேலை. பதினோரு வருஷத்தில் அவன் கட்டிய சரக்கு ஒன்றுகூடச் சரிந்ததில்லை. அந்தப் பெருமை அவனுக்குத் தலைகொள்ளாமல் இருந்தது. அதில் கால்வாசி பயமும் இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்ல வேண்டியிருக்காது.

பெட்டிக்குள் இருந்தது நான்கு இழுப்பறை வைத்த அலமாரி, பலகை பலகையாக. ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போகப் போகிற மகள் மகாவுக்காக வாங்கியது. கூட வந்த புத்தகத்தில் எழுத்தே கிடையாது, எல்லாம் படம். கடைசிப் பக்கத்துப் படத்தில் அலமாரி ஒரு குழந்தையின் மேல் சாய்ந்துகொண்டிருந்தது. அதன் குறுக்கே ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் சுவரில் துளை போடும் மெஷினின் படம்.

"இத செவுத்தோட மாட்டணும் போலங்க," என்றாள் அவன் மனைவி பாண்டிச்செல்வி. ஃபோர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்பவள். விருந்தாளிகளின் பிள்ளைகள் எதில் எல்லாம் ஏறும் என்று அவளுக்குத் தெரியும்.

பஜாரில் சங்கர்ராமின் ஹார்டுவேர் கடைக்குப் போனான். சங்கர்ராம் படங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு ஸ்டார் திருப்புளியையும் ரப்பர் சுத்தியலையும் எடுத்து வைத்தார்.

"இதைப் பூட்டறதுக்கு இதுவும் பெட்டில இருக்கற வளைஞ்ச ஆலன் கீயும் போறும். வேற ஒண்ணும் வேண்டா. ஆனா செவுத்துல பிடிப்பிக்க ஹேமர் டிரில் வேணும். நம்ம மெஷின் இருக்கு, எடுத்துண்டு போயிட்டு நாளைக்குக் கொண்டுவா. உங்க வீடு வெட்டுக்கல்லு, மேல சுண்ணாம்புப் பூச்சு. மெஷின்ல நீளப் பிட்டா மாட்டி, கல்லுவரை துளையை இறக்கணும், கேட்டயா?"

மாரிச்செல்வம் மெஷினைக் கையில் வாங்கிப் பார்த்தான். எங்கே அழுத்துவது, எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. கேட்டால் சொல்லிக் கொடுத்திருப்பார். கேட்கக் கூச்சம். "வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வாரேன்," என்று திருப்பிக் கொடுத்தான்.

வீட்டுக்காரம்மா கமலாக்ஷி மாடியில் இருந்தாள். "ஓட்டை போடற வேலையே வேண்டா, கேட்டோ செல்வம். பழைய செவுரு. தொட்டா பொடியும்."

அவள் அப்படிச் சொன்னதில் அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியை அவன் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அலமாரியை ஒரே பகலில் பூட்டி முடித்தான். அதில் குறை சொல்ல முடியாது. பிறகு அதைச் சன்னலுக்குக் கீழே தள்ளி நிறுத்தினான். கிடங்கிலிருந்து கேட்டு வாங்கிவந்த பழைய பெல்ட் ஒன்றை, மேல் பலகைக்கும் முதல் இழுப்பறைக்கும் நடுவே சுற்றி, பின்னால் சன்னல் கம்பிகளுக்குள் விட்டு எடுத்தான். மூலைகள் நசுங்காமல் அட்டையை மடித்து வைத்தான். பக்கவாட்டில் இருந்த, பற்சக்கரம் வைத்த ராட்செட் பிடியை இழுத்து இழுத்து இறுக்கினான். டக், டக், டக் என்று பற்கள் ஏறி விழுந்தன.

"அஞ்சு டன் தாங்குற பெல்ட்டு செல்வி. யானைய கட்டிப்போட்டாலும் நிக்கும்."

செல்வி பெல்ட்டைப் பார்க்கவில்லை, சன்னலைப் பார்த்தாள். "சன்னலு தாங்குமா?"

"தேக்கு புள்ள அது. நம்ம தாத்தன் காலத்து மரம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தபோது லேசாகத் தொய்ந்திருந்தது. இரண்டு பல் ஏற்றினான். அதற்கடுத்த வாரமும் தொய்வு, மூன்று பல். பெல்ட் என்றால் இழுபடத்தான் செய்யும் என்றான்.

"பழைய பெல்ட்டுன்னு சொன்னீங்க. இழுபட வேண்டியதெல்லாம் அங்கேயே இழுபட்டிருக்காதா?"

நல்ல கேள்வி. பதில் இல்லாதபோது ஆண்பிள்ளை என்ன செய்வானோ அதைச் செய்தான், குரலை உயர்த்தினான். "பெல்ட்ட பத்தி எனக்கு நீ சொல்லித்தாரியா?"

மழை பிடித்துக்கொண்டது. செல்வி தினமும் காலையில் அலமாரியின் மேல் பலகையைத் துடைத்தாள். தினமும் துணியில் மாவு மாதிரி ஒரு தூள் ஒட்டியது. அலமாரிப் பலகையின் தூள்தான் உதிர்கிறது என்றான் அவன். மழைக்காலத்தில் மரம் உப்பி, சன்னல் கதவைச் சாத்த முடியாமல் முட்டும். இந்த வருஷம் அது முட்டவில்லை. நிலைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கோடு விழுந்து, அதன் வழியே சாரல் உள்ளே வந்தது. செல்வி அதில் பழைய துணியைத் திணித்தாள். திணித்துவிட்டுப் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் இன்னொரு முறை வாயைத் திறந்தால் வீட்டில் சண்டை வரும், பிள்ளை அழும். விட்டுவிட்டாள். சன்னல் நிலையைக் கரையான் உள்ளுக்குள் தின்று தீர்த்திருந்தது. மேலே பூசிய பெயிண்டுதான் அதைத் தேக்கு என்று காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் மாரிச்செல்வம் இறுக்கியது பெல்ட்டை அல்ல. சன்னலைச் சுவரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

ஏழாவது ஞாயிறு செல்விக்கு ஹோட்டலில் வேலை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மாரிச்செல்வம் காலையிலேயே இரண்டு பல் ஏற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, என் குடை." பள்ளிக்கூடத்துக்கு வாங்கிய புதுக்குடை அலமாரி மேல் இருந்தது.

"நீயே ஏறி எடு பாப்பா."

"அம்மா ஏறக்கூடாதுன்னு சொல்லிச்சு."

"அம்மாவுக்கு என்ன தெரியும்? அப்பா கட்டியிருக்கேன்ல." எழுந்து போய் அடி இழுப்பறையை அவனே வெளியே நீட்டிவிட்டான். படிக்கட்டு மாதிரி ஏறலாம் என்று காட்டினான். பிறகு சாயாவை எடுத்துக்கொண்டு, பிள்ளை ஏறுவதை வேடிக்கை பார்க்க உட்கார்ந்தான்.

மகா இரண்டாவது இழுப்பறையை இழுத்தாள். அடியில் இருந்ததில் ஒரு காலை வைத்தாள். மூன்றாவதையும் இழுத்து, அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். அலமாரி ஒரு விரல் அளவு முன்னால் சாய்ந்தது. பெல்ட் விறைத்து அதைப் பிடித்து நிறுத்தியது. மாரிச்செல்வத்துக்கு உடம்பெல்லாம் சந்தோஷம்.

"பாத்தியா? புடிச்சிருச்சு!"

சுவரிலிருந்து மணல் சரசரவென்று கொட்டியது. அவன் தம்ளரைக் கீழே வைப்பதற்குள் நிலை, கம்பி, கதவு என்று சன்னல் மொத்தமும் பெயர்ந்து அலமாரியின் முதுகில் விழுந்தது. அலமாரி குழந்தையின் மேல் விழுந்தது.

அவன் தூக்கிப் பார்த்தான். அசையவில்லை. முப்பத்தாறு கிலோவைத் தூக்குகிற கைதான். ஆனால் அதோடு சேர்த்துக் கட்டிய அவ்வளவு இரும்பையும் மரத்தையும் தூக்க முடியவில்லை. பெல்ட்டை அவிழ்க்கப் போனான். ராட்செட் பிடி தரைக்கும் பலகைக்கும் நடுவே மாட்டியிருந்தது. ஒரு நாளைக்கு நூறு பெல்ட் கட்டி அவிழ்க்கிறவன், இதை அவிழ்க்க முடியாமல் கத்தினான். கமலாக்ஷி தேங்காய் வெட்டும் கத்தியோடு ஓடிவந்து பெல்ட்டை அறுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ஆட்கள் நான்கு பேர் சேர்ந்துதான் தூக்கினார்கள். அதுவரை பெல்ட் அறுபடவே இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். உயிருக்குப் பயமில்லை. இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது, கால் எப்படி என்று ஆபரேஷன் முடிந்தால்தான் தெரியும். அலமாரி மட்டும் விழுந்திருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது.

செல்வி ஹோட்டல் யூனிஃபார்மோடு நனைந்து வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் அழுதாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கே பொறுக்கவில்லை போல.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? அடுப்படியில நின்னிருப்பீங்க. ஏறாத ஏறாதன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன். சொன்ன பேச்ச கேக்காத பிள்ள."

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். அவளும் அப்படியே நம்பியிருப்பாள், மகாவும் நாளடைவில் மறந்திருப்பாள்.

"கேட்டுச்சு செல்வி," என்றான். "நீ சொன்னதச் சொல்லிட்டு நின்னுச்சு. நான்தான் ஏறச் சொன்னேன். அடி இழுப்பறைய இழுத்து வுட்டதும் நான்தான்."