தலையணை உறையின் நிறம்

வீடியோ எடுக்கும் தொழிலில் அவனுக்குத் தெர்மாக்கோல் என்று பெயர். விளக்கு வாங்க வக்கில்லாத படப்பிடிப்புகளுக்கெல்லாம் ஒரு வெள்ளைத் தெர்மாக்கோல் அட்டையையும் பழைய போர்வையையும் தூக்கிக்கொண்டு போவான். ஒற்றை பல்பை வைத்தே, விளம்பரத்தில் தலைகாட்டும் கடை முதலாளிகளுக்கு மாப்பிள்ளைக் களை கொண்டுவந்துவிடுவான். சுவர் எந்த நிறத்தில் போனாலும் போகட்டும், முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பான். சுவரா வந்து குறை சொல்லப்போகிறது?

அவன் தங்கைக்கு ஈரலில் கோளாறு. மருந்து மாத்திரையோடு வீட்டில்தான் இருந்தாள். அன்று காலை எழுந்திருக்க முடியாமல் அவள் படுத்துவிட, அம்மா பயந்துபோய் டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். ஆஸ்பத்திரி இருப்பதோ வெகுதூரத்தில்.

"முகமும் கண்ணும் தெளிவா தெரியற மாதிரி ஒரு வீடியோ அனுப்புங்க," என்றார் டாக்டர். "மஞ்சள் ஏறியிருந்தா உடனே கூட்டிட்டு வந்துடணும். இல்லன்னா இந்த உடம்போட அலைக்கழிக்க வேண்டாம். அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

வீடியோ என்றதும் அவனுக்கு ஒரு தெம்பு வந்துவிட்டது. செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தால் போதும். அவனோ கேமராவை எடுத்தான். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுச் சுவர்தான். அறைக்குள் எந்நேரமும் பல்பு எரியும். அதன் முன்னால் போர்வையைக் கட்டி வெளிச்சத்தை மென்மையாக்கினான். தெர்மாக்கோலை அம்மாவிடம் கொடுத்து, வெளிச்சம் பட்டுத் திரும்பும்படி தங்கையின் கன்னத்தருகே பிடிக்கச் சொன்னான்.

"ஏன்டா, இவ முகம் மஞ்சளா இல்ல?" என்றாள் அம்மா.

"பல்பு வெளிச்சம்மா. அப்படித்தான் அடிக்கும். கேமராவுல சரி பண்ணிடலாம்."

"கடைக்காரங்களை எல்லாம் அழகாக்கிட்டு என்னை மட்டும் பேயாட்டம் காட்டிடாதேண்ணே," என்றாள் தங்கை. சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

வெள்ளைக் காகிதம் ஒன்றைக் காட்டிக் கேமராவின் நிறத்தைச் சரிசெய்வதுதான் முறை. அவன் என்றைக்கு முறைப்படி செய்தான்? முகத்தைப் பார்த்தே நிறத்தைத் திருகிப் பழகிய கை. திருகினான். மஞ்சள் குறைந்தது. இன்னும் கொஞ்சம் திருகினான். கண்ணில் வெள்ளை வந்தது, திரையில் அவளுடைய பழைய முகம் வந்தது. அங்கேயே நிறுத்தினான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன.

"நிறம் நல்லாத்தானே இருக்கு," என்றார் வீடியோவைப் பார்த்த டாக்டர். "அடுத்த வாரமே வாங்க."

அடுத்த வாரம் வரைக்கும் அவள் தாங்கவில்லை. நினைவு தப்பியவளை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, வெயிலில், அந்த மஞ்சளை அவன் பார்த்தான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். பாதி வழியிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்கள் போன பிறகு அம்மா அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த வீடியோவைப் போடுடா. அதுல அவ நோவு இல்லாத மாதிரி இருக்கா."

போட்டான். தங்கையின் தலைக்குக் கீழே அம்மா துவைத்து மாட்டிய வெள்ளைத் தலையணை உறை. படத்தில் அது நீலமாக இருந்தது. பல்பின் மஞ்சளை மட்டும் எடுத்திருந்தால் அது வெள்ளையாகவே வந்திருக்கும். அவளுடைய மஞ்சளையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தான்.

அம்மா திரையில் இருந்த கன்னத்தை விரலால் தடவினாள்.

"எவ்ளோ நல்லா எடுத்திருக்கே. இன்னொரு தடவை போடுப்பா."

போட்டான்.