சித்தப்பாவின் தலையில் தெரிந்த பல்

என் சித்தப்பா பல் டாக்டர். மூன்று மாதத்தில் பதினோரு பேர் அவருடைய நாற்காலியிலிருந்து பாதி வேலையில் எழுந்து ஓடியிருக்கிறார்கள். எண்ணிக்கை சித்தியுடையது. எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பதும், ஓடுகிறவர்களின் கழுத்திலிருந்து துணியை அவிழ்ப்பதும் அவள் பொறுப்பு என்பதால் எண்ணிக்கை தப்ப வாய்ப்பில்லை.

காரணம் பதினோராவது ஆள் சொல்லித்தான் தெரிந்தது. அவர் கணக்கு வாத்தியார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, தேற்றத்தை நிரூபிக்கிற குரலில் சொன்னார்.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தலையில என் கடவாப்பல் தெரியுது. நீங்க அதை என்ன பண்றீங்கன்னும் தெரியுது."

கல்லூரி விடுமுறைக்கு அவர்கள் வீட்டுக்கு வந்திருந்த நான் போய்ப் படுத்துப் பார்த்தேன். வாத்தியார் சொன்னது சரிதான். விளக்கு நேராக வாய்க்குள் அடிக்கிறது. சித்தப்பா குனிகிறார். நெற்றியில் தொடங்கி உச்சியைத் தாண்டிப் போகும் அந்த வழுக்கையில் என் வாய், என் பல், அதை நோக்கி வரும் கருவி எல்லாம் சிறிதாக, தெளிவாக, வண்ணத்தில் தெரிந்தன.

சித்தப்பா முதலில் தலைக்குப் பவுடர் போட்டார். அது பன்னிரண்டாவது ஆளின் வாயில் கொட்டியது. பிறகு பச்சைத் துணித் தொப்பி போட்டார். பெரிய ஆபரேஷன் என்று நினைத்து ஒருவர் உட்காருவதற்கு முன்பே போய்விட்டார். அவரைக் கணக்கில் சேர்ப்பதா என்று சித்திக்கே குழப்பம்.

"முடி நட்டுக்கோங்களேன்" என்றாள்.

"தலையில ஊசி போடுவாங்களாமே."

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். நீங்க எல்லார்கிட்டயும் சொல்றதுதானே?"

"அதனாலதான் சொல்றேன். அது எறும்பு இல்ல."

அன்று சாப்பிடும்போது என்னிடம் தனியாகச் சொன்னார். "என்னை நம்பி ஒருத்தன் வாயைத் திறந்து படுக்கணும்டா. முழு வேலையும் முடியற வரைக்கும் படுக்கணும். அந்த நம்பிக்கை போச்சுன்னா, நான் வெறும் தச்சன். நாற்காலியை யாருக்காவது கொடுத்துடலாம்னு பார்க்கிறேன்."

அதனால் ஊசி இல்லாமல் முடி வைக்கிற இடத்துக்கு அவரை நான் அழைத்துப் போனேன். செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. அலமாரி முழுக்கத் தெர்மாகோல் தலைகள், எல்லாம் நம்மைவிட அடர்த்தியான முடியோடு. நடுவில் உட்கார்ந்திருந்தவர் வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினார். மரியாதை என்று நினைத்தோம்.

"விக்னு சொல்லாதீங்க சார். சிஸ்டம்."

சித்தப்பா தலையசைத்தார். பல்செட் என்று சொல்கிறவர்களை அவரும் இப்படித்தான் திருத்துவார்.

மேசையில் மூன்று சிஸ்டங்களை எடுத்து வைத்தார். "முடி மூணுலயும் ஒண்ணுதான் சார். அடியில இருக்கிற பேஸ்லதான் விஷயமே இருக்கு. இது லேஸ். மெல்லிசு வலை. காத்து போகும், நெத்தியில எங்க ஆரம்பிக்குதுன்னு உங்களைப் பெத்தவங்களுக்கே தெரியாது. ஆனா அவசரப்பட்டு உரிச்சா கிழிஞ்சிடும். இது ஸ்கின். தோல் மாதிரி ஒரு பிளாஸ்டிக். கழுவ சுலபம். ஆனா வேர்க்கும், விளக்கு வெளிச்சத்துல ஓரம் மினுக்கும். இது மோனோ. நைலான் துணி. நாலு பேர் நாலு பக்கம் இழுத்தாலும் தாங்கும்."

"அதுல என்ன குறை?"

"பார்த்தா தெரியும்."

"குனிஞ்சா கழண்டு விழாதே?"

"பழகிடும் சார்."

"லேஸ் வெளிய தெரியாதே?"

"நீங்களா சொன்னாத்தான் தெரியும்."

சித்தப்பா என் பக்கம் திரும்பினார். இரண்டு பதிலுமே செயற்கைப் பல் வாங்க வருகிறவர்களுக்கு அவர் சொல்லும் வாக்கியங்கள். "பொய் சொல்றான்டா" என்று காதில் சொன்னார். குரலில் தொழில் மரியாதை இருந்தது.

"சார், உங்களை ஆளுங்க எவ்வளவு தூரத்துல இருந்து பார்ப்பாங்க?"

"நான் பல் டாக்டர். ஒரு ஜாண். கீழ இருந்து, மல்லாந்து படுத்துக்கிட்டு. முக்கால் மணி நேரம்."

முடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். இப்படி ஒரு வாடிக்கையாளர் அவருக்கு வாய்த்ததில்லை. "அப்ப நானே படுத்துப் பார்த்தாத்தான் எந்த பேஸ்னு சொல்ல முடியும்" என்றார். எங்கே படுக்க வேண்டும் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. வாயை மூடியிருந்த கைக்குத் துணையாக இன்னொரு கையும் போனது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கிளினிக்குக்கு வந்தார். சித்தி அதற்குள் அவருக்குக் 'கூரைக்காரர்' என்று பெயர் வைத்திருந்தாள். லேஸை சித்தப்பாவின் தலையில் ஒட்டிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார். சித்தப்பா விளக்கைப் போட்டுக் குனிந்தார்.

"அருமை சார். ஓரமே தெரியல. காடு மாதிரி இருக்கு."

அந்த நாற்காலியில் சாய்ந்து பேச ஆரம்பித்தால் வாய் முழுதாக மூடாது. முன்பல்லில் பாதி இல்லை, மீதிப் பாதி கறுப்பு.

"எத்தனை வருஷமா இப்படி?" சித்தப்பாவின் கை தன்னாலேயே கருவிக்குப் போனது.

"ஆறு வருஷம். சார், வேண்டாம். சார்! எடுங்க, எடுங்க!"

"பல்லையா?"

"முடியை!"

சித்தப்பா பதறி இழுத்தார். லேஸ் நடுவில் கிழிந்து பாதி கையோடு வந்தது, மீதிப் பாதியை சித்தி உரித்தாள்.

"என் கடையில ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கஸ்டமர் கையில கண்ணாடி இருக்கும் சார்" என்றார் கூரைக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு. "அவருக்குத் தெரியாம ஒரு முடியைக்கூட நான் தொட மாட்டேன். பல் டாக்டர் மட்டும்தான் உள்ள என்ன பண்றார்னு காட்டவே மாட்டேங்கிறார். அதான் ஆறு வருஷமா வரல."

பிறகுதான் மேலே பார்த்தார். வெறும் தலையில் அவருடைய பல் தெரிந்தது. கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தார்.

"இவ்வளவுதானா? இதுக்கா பயந்தேன்? ஊசிகூட சின்னதாத்தான் இருக்கு."

சித்தப்பாவின் தலையில் எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். அதை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

சித்தப்பா எறும்பு என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "வலிக்கும். பார்த்துக்கோங்க" என்றார்.

கூரைக்காரர் பார்த்துக்கொண்டார். அரைமணி நேரம் அசையவில்லை. ஒரே ஒரு முறை விரலால் சைகை செய்தார், தலையைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்க்கும்படி. பல் வந்தது. மூன்று மாதத்தில் முழுதாக முடிந்த முதல் வேலை. சித்தி நோட்டில் புதிதாக ஒரு பக்கம் திறந்து ஒன்று என்று போட்டாள்.

"ஆனா வாத்தியார் மாதிரி ஆளுங்க?" என்றார் சித்தப்பா. முகம் மறுபடி தொங்கியது.

"பார்த்தா ஓடறவன் ஒரு ரகம், பார்க்கலேன்னா ஓடறவன் ஒரு ரகம்" என்றாள் சித்தி. "கேட்டுட்டு மாட்டினா என்ன கெட்டுப்போச்சு?"

கூரைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். வாயில் பஞ்சு. கை வாய்க்குப் போகவில்லை, நேராகப் பெட்டிக்குப் போனது.

"அப்ப மோனோதான் சார். ஒரு நாளைக்குப் பத்து தடவை கழட்டி மாட்டினா லேஸ் தாங்காது, ஸ்கின்னும் தாங்காது. இதுல பசையே வேண்டாம். ஓரத்துல கிளிப் தைச்சுத் தர்றேன். காதோரம் உங்க சொந்த முடி இருக்கு பாருங்க, அதைக் கவ்விக்கும்."

"பார்த்தா தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவங்க கண்ணு முன்னாடியே கழட்டி மாட்டப்போறீங்க. இதுக்கு மேல என்ன சார் தெரியணும்?"

விடுமுறையின் கடைசி வாரம் கணக்கு வாத்தியார் திரும்பி வந்தார். கடவாப்பல் அவரை விட்டுவைக்கவில்லை. சித்தி கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டே, காபியா டீயா என்று கேட்கிற தோரணையில் கேட்டாள்.

"முடியோடவா, முடி இல்லாமலா?"

வாத்தியார் ஆணியில் தொங்கிய மோனோவைப் பார்த்தார். சித்தப்பாவின் தலையைப் பார்த்தார்.

"முடியோட."

மாட்டினார்கள். சித்தப்பா குனிந்தார். கால் மணி நேரம் போனது. வாத்தியார் செருப்பைத் தேடவில்லை. பாதியில் மட்டும் வாய் நிறையக் கருவியோடு ஏதோ முனகினார். அந்த மொழி சித்திக்கு அத்துப்படி.

"எவ்வளவு தூரம் முடிஞ்சிருக்குன்னு கேட்கிறார்."

சித்தப்பாவின் இரண்டு கையும் வேலையில் இருந்தன. சித்தி காதோரக் கிளிப்பைத் தளர்த்தி, சோறு வெந்ததா என்று பார்ப்பது போல முடியின் முன்பக்கத்தை நான்கு விரற்கடை தூக்கிப் பிடித்தாள். வாத்தியார் ஒரு பார்வை பார்த்தார். போதும் என்று கையைக் காட்டினார்.

சித்தி மூடினாள். டக்.