படிச்சுப் பார்த்தியா?

அக்கா கடைசி மாத்திரையை விழுங்கிச் சரியாகப் பதினோரு மணி நேரம் கழித்து அவளிடம் ரத்தம் எடுத்தார்கள். அந்தப் பதினோரு மணி நேரத்தைத்தான் நேற்றிலிருந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரை, முடி வளர. பயோட்டின் என்ற வைட்டமின். பிரசவத்துக்குப் பிறகு அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. இப்போது கொண்டையில் பாதி கடையில் வாங்கியது. அவள் மாமியாருக்கு அது தெரியாது. "என் மருமகளுக்கு முடி இடுப்பைத் தாண்டும்" என்று அத்தை போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மூன்று மாதம் முன்பு அக்கா டப்பாவை என்னிடம் நீட்டினாள்.

"நீதான் சயின்ஸ் படிச்சவளாச்சே. இதைச் சாப்பிடலாமாடி?"

நான் படித்தது விலங்கியல். கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. என்னிடம் யாராவது எதையாவது கேட்பதே அபூர்வம்.

"சாப்பிடு. தண்ணியில கரையற வைட்டமின். அதிகமானா சிறுநீர்ல போயிடும்."

"படிச்சுப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

பார்க்கவில்லை. டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

களைப்பாக இருக்கிறது என்று முந்தாநாள் அக்கா பரிசோதனைக்குப் போனாள். தைராய்டு எகிறியிருப்பதாக நேற்று தாள் வந்தது. அதன் பிறகுதான் நான் தேடவே ஆரம்பித்தேன். முதலில் வந்ததெல்லாம் மாத்திரை விற்பவர்கள் எழுதியது. ஒரு வீடியோவில் ஒரு பெண் கூந்தலை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுத் தள்ளுபடி எண் சொன்னாள். மருந்துக்கடைக்காரரோ, "எல்லாரும் வாங்குறாங்கம்மா, பெரிய டப்பாவா எடுத்துக்கோங்க" என்றார். கடைசியாக ஒரு மருத்துவமனையின் பக்கத்தில் ஒரே ஒரு வரி கிடைத்தது. பயோட்டின் அளவு அதிகமானால் சில ரத்தப் பரிசோதனைகள் தவறாகக் காட்டலாம். அந்தப் பக்கத்தில் விற்பதற்கு எதுவும் இல்லை. அதனாலேயே அதை நம்பினேன்.

பரிசோதனைக் கூடத்துக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தும், முதல் இரண்டு முறையும் மணி அடித்ததுமே வைத்துவிட்டேன். மூன்றாவது முறை ஒரு பெண் எடுத்தார்.

"பத்து மில்லிகிராமா? ராத்திரி போட்டுட்டுக் காலையில வந்தாங்களா? அட, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா! இல்லாத நோயை இருக்குன்னு காட்டிடும். டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க. ரெண்டு மூணு நாள் நிறுத்திட்டுத் திரும்ப எடுக்கச் சொல்வார்."

இன்று டாக்டர் அறைக்கு வெளியே அதை அக்காவின் காதில் சொன்னேன்.

"சும்மா இருடி, அத்தை காதுல விழப்போகுது. ஒண்ணும் பண்ணாதுன்னு நீதானே படிச்சுட்டுச் சொன்னே? இப்ப எவளோ போன்ல சொன்னாளாம்!"

என் பொய்யே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

கூப்பிட்டதும் அத்தைதான் முதலில் உள்ளே போய் உட்கார்ந்தார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "வேற ஏதாவது மாத்திரை, சத்து மாத்திரை, சாப்பிடுறீங்களா?" என்றார்.

"இல்ல டாக்டர்."

"சோறே ஒழுங்கா சாப்பிடறதில்ல, இதுல மாத்திரை வேறயா?" என்றார் அத்தை. "சாப்பிடறதெல்லாம் முடிக்கே போயிடுது. பாருங்க, எவ்வளவு பெரிய கொண்டை!"

அக்கா கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர் பேனாவைத் திறந்தார். தைராய்டைக் குறைக்க மாத்திரை, ஒரு வருஷத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டியிருக்கும் என்றார். குழந்தை இன்னும் பால் குடிக்கிறது. பேனா இரண்டாவது வரிக்கு இறங்கியது.

"டாக்டர்."

மூவரும் திரும்பினார்கள். எனக்குக் குரல் இருப்பதே அத்தைக்குப் புதுச் செய்தி.

"அக்கா முடிக்கு பயோட்டின் சாப்பிடுறா. மூணு மாசமா. பரிசோதனைக்கு முந்தின ராத்திரியும் சாப்பிட்டா."

அக்கா என் தொடையில் அழுத்திக் கிள்ளினாள். "இவதான் டாக்டர் சொன்னா," என்றாள், அழுகை முட்ட. "எல்லாத்தையும் படிச்சுப் பார்த்துட்டுத்தான் சொன்னா."

"இல்லக்கா," என்றேன். "நான் படிக்கவே இல்ல."