மஞ்சள் பெஞ்சு

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில், ஊஞ்சலுக்கும் வேலிக்கும் நடுவே ஒரு மஞ்சள் பெஞ்சு இருக்கிறது. விளையாட ஆளில்லாத பிள்ளை அதில் போய் உட்கார வேண்டும். மற்றப் பிள்ளைகள் பார்த்து வந்து சேர்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் சங்கம் கேக் விற்ற பணத்தில் அதைச் செய்துகொடுத்தது. இடைவேளையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

டெல்லா செப்டம்பரில் ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தாள். அவள் அம்மாவுக்குக் கோழி வெட்டும் ஆலையில் வேலை. டெல்லாவுக்கு வேண்டியதெல்லாம் விளையாட ஒரு துணை. தலைமையாசிரியர் ஸ்வோபோடா அவளுக்கு பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தாள்.

கென்ஸி தன் தோழிகளோடு வந்தாள். அந்த வகுப்பில் யார் யாரோடு பேசலாம் என்று தீர்மானிப்பவள் அவள்தான்.

"ஐயோ பாவம், யாருமே இல்லையாடி உனக்கு? வா, எங்களோட."

டெல்லா துள்ளி எழுந்தாள். வேலிவரை நடத்திக்கொண்டு போனார்கள்.

"சரி, கூட்டிட்டு வந்தாச்சு. இப்ப திரும்பப் போய் உக்காரு. அடுத்த டீம் வந்து கூப்பிடும்."

ஒரே சிரிப்பு. பிறகு அதுவே தினமும் விளையாட்டாயிற்று. யாராவது பந்தைத் தவறவிட்டால், "போடா, கோழி நாத்தக்காரி பெஞ்சுல போய் உக்காரு!" என்று பையன்களும் கத்தினார்கள்.

கென்ஸியைத் தனியே அழைத்துக் கண்டித்தேன்.

"பெஞ்சுல யாராவது இருந்தா கூப்பிடணும்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க? நாங்க தினமும் கூப்பிடுறோமே!"

கென்ஸியின் அம்மாவை வரவழைத்தோம். அவரும் இதையேதான் சொன்னார்.

"அந்த பெஞ்சை எடுத்துடச் சொல்லுங்க மிஸ்," என்றாள் டெல்லா. தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன்.

"எடுக்கிறதா? பேப்பர்ல போட்டோ வந்த பெஞ்சுங்க அது!"

டிசம்பரில் பனி விழுந்தது. டெல்லா பெஞ்சுப் பக்கம் போவதை விட்டுவிட்டாள். குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் சுவரை ஒட்டி, மணி அடிக்கும்வரை நின்றாள். ஒருநாள் ஸ்வோபோடா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஜன்னல் வழியாகக் காட்டினார். பெஞ்சின் மேல் கலையாத பனி.

"பாத்தீங்களா? இப்பல்லாம் ஒருத்தரும் உக்கார்றதே இல்ல. நம்ம ஸ்கூல்ல தனியா யாருமே இல்ல."

குப்பைத் தொட்டிகளைப் பற்றிச் சொன்னேன். "அவளுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும் போல," என்றார்.

வெளியே போய் டெல்லாவின் பக்கத்தில் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பக்கத்துல நிக்காதீங்க மிஸ். அவங்க பாத்துடுவாங்க."

நான் ஊஞ்சல் பக்கம் நடந்தேன்.