வேக்கம் பம்பு இல்லாத டைனமோ

ஸ்டான்லியின் ஜீப் ஊரில் வேறு இடமே கிடைக்காத மாதிரி தங்கச்சி கடை வாசலில் வந்து மக்கர் பண்ணி நின்றதென்றால், அது அந்த ஜீப்புக்கு இருக்கிற கொழுப்பு. இருபது வருஷத்து வண்டி. செய்யூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பு மணலில் நாலு சக்கரமும் இழுக்கும் என்பதால்தான் அதை இன்னும் கட்டிக்கொண்டு அழுதான். பின்னால் சவுக்கு வெட்டப் போகிற ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைக்குள்ளிருந்து பிரிசில்லா எட்டிப் பார்த்தாள். ஏரிக்கரை மேட்டில் வண்டிகளுக்கு எலக்ட்ரிக் வேலை பார்க்கிறவள் அவள் ஒருத்திதான். அண்ணனும் தங்கையும் பேசி ரெண்டு வருஷம் ஆகிறது. அண்ணியை அடித்தான் என்று மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தவள் அவள். ஒரு பகல் முழுக்க அவனைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அதிலிருந்து அவள் வருகிற சர்ச்சுக்கு அவன் வருவதில்லை. மழை வரும் என்று அவள் சொன்னதாகக் காதில் விழுந்தால் வேண்டுமென்றே நனைந்துகொண்டு போவான், அப்படி ஒரு வீம்பு.

பேச்சை வெட்டிக்கொண்டவர்கள் பேசியே ஆக வேண்டுமென்றால் அங்கே நடுவில் ஒரு ஆள் வேண்டும். எதிரும் புதிருமாக நின்றாலும் ஆள் வைத்துத்தான் சொல்ல வேண்டும். ஜீப்பிலிருந்து முதலில் இறங்கிய வேண்டா என்பவள் மாட்டிக்கொண்டாள். பிரிசில்லா பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவளிடம் சொன்னாள்.

"யக்கா, டைனமோ பூட்ச்சி. வேற போடணும்னு சொல்லு."

"தம்பி, டைனமோ பூட்ச்சாம்பா."

"கேட்டுச்சு. வாங்கியாறேன்னு சொல்லு."

ஸ்டான்லி பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய், பழைய சாமான் கடையில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணிக்குத் திரும்பினான். பிரிசில்லா அதைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் மொட்டையாக இருந்தது. அவளுக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது.

அந்த டீசல் ஜீப்பின் டைனமோவுக்குப் பின்னால் கையடக்கமாக ஒரு வேக்கம் பம்பு இருக்கும். அது காற்றை உறிஞ்சினால்தான் பிரேக் காலுக்கு லேசாக இருக்கும். இவன் வாங்கி வந்ததோ பெட்ரோல் கார் டைனமோ. மாட்டினால் மாட்டும். லைட் எரியும், பேட்டரி சார்ஜ் ஏறும், ஹாரன் அலறும். பிரேக்கை மிதித்தால் மட்டும் கருங்கல்லை மிதித்த மாதிரி இருக்கும்.

"யக்கா, இதுல பம்பு இல்ல. பிரேக்கு புடிக்காது. வேற மாத்தினு வரச் சொல்லு."

வேண்டா வாயைத் திறப்பதற்குள் ஸ்டான்லி ஆரம்பித்துவிட்டான். "நாலு மணிக்கு சவுக்கு ஏத்த லாரி வருதுனு அவளுக்குத் தெரியும்க்கா. நான் மறுபடியும் செங்கல்பட்டுக்கு அலையணும், லாரி சும்மா திரும்பணும், அதான் அவளுக்கு வேணும். மாட்டச் சொல்லு. முடியலனா ஸ்பேனரக் குடுக்கச் சொல்லு, நானே மாட்டிக்கிறேன்."

மாட்டிக்கொள்வான். செய்யக்கூடிய ஆள்தான். கடையிலிருந்து இருபதடி போனால் ஏரிக்கரைச் சரிவு, சரிவு முடிகிற இடத்தில் இ.சி.ஆர். பாண்டிச்சேரி பஸ்கள் யாருக்காகவும் நிற்காமல் பறக்கிற ரோடு. அவன் முதல்முதலாகப் பிரேக்கை அழுத்தப் போவது அங்கேதான். இவன் செத்துத் தொலையட்டும் என்று அவள் எத்தனையோ ராத்திரி நினைத்திருக்கிறாள். இப்போது அந்தச் சரிவைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

வேறு வழி தெரியாமல் வேலையைத் தொடங்கினாள். பேட்டரி ஒயரைக் கழற்றினாள். பழையதை இறக்கிப் புதியதை ஏற்றி, பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து, போல்ட்டை முறுக்கினாள். பம்புக்குப் போக வேண்டிய ஹோஸ் அநாதையாகத் தொங்கியது. அதன் வாயை அடைத்துக் கிளிப் போட்டாள்.

"யக்கா, இன்னொரு வாட்டி சொல்லு. பிரேக்கு இல்ல."

"தம்பி, அந்தப் பொண்ணு சொல்றத..."

"அவ சொல்றத என்னிக்கு நான் கேட்டேன்? ஏறுங்க எல்லாரும்."

பெண்கள் ஏறினார்கள். ஸ்டான்லி சாவியைத் திருப்பினான், என்ஜின் பிடித்தது. அவன் முகத்தில் அப்படி ஒரு ஜெயிப்பு. அதைப் பார்த்ததும்தான் பிரிசில்லாவுக்குப் புத்தி வேலை செய்தது. உண்மையைச் சொல்லி இவனை நிறுத்த முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"யக்கா, பிரேக்கு சமாச்சாரம் நான் சும்மா சொன்னது. எல்லாம் நல்லாத்தான் கீது. எங்க அண்ணன தைரியமா, ஸ்பீடாவே போகச் சொல்லு. கர்த்தர் கூட இருப்பாரு."

ஸ்டான்லியின் கை கியரிலேயே நின்றது. ரெண்டு வருஷமாக அவனைப் பற்றிச் சாபத்தைத் தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து அண்ணன் என்று வருகிறது, கர்த்தர் வருகிறார். அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"எறங்குங்க," என்றான் பெண்களிடம்.

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். வண்டியைக் கடை வாசலிலேயே நாலடி நகர்த்திப் பிரேக்கை மிதித்தான். ஜீப் நிற்கவில்லை. எழுந்து நின்று ரெண்டு காலாலும் மிதித்தான். பக்கத்துப் பஞ்சர் கடை டயர் அடுக்கில் முட்டி, ஹேண்ட் பிரேக்கை இழுத்த பிறகுதான் நின்றது.

இறங்கி வந்தவனுக்கு முகம் வெளுத்திருந்தது. ரெண்டு தடவை அவள் சொன்னது அவனுக்கு ஞாபகமே இல்லை, கடைசியாகச் சொன்னதுதான் இருந்தது. "பாத்தீங்களா? கூடப் பொறந்தவளே பிரேக்கப் புடுங்கி வச்சிட்டு, ஸ்பீடா போன்னு சொல்றா. என்னக் கொல்லப் பாத்தாடா இவ," என்று தெருவைக் கூட்டினான். கூட்டம் சேர்ந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து பிரிசில்லாவை ஒரு மாதிரி பார்த்தார்கள். இனி இந்தக் கடைக்கு எவன் நம்பி வண்டியை விடுவான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வேண்டாவுக்குப் பொறுக்கவில்லை. "யோவ் தம்பி, அந்தப் பொண்ணு மொதல்லயே..."

பிரிசில்லா அவள் கையைப் பிடித்து அமுக்கிக் காதோடு சொன்னாள். "வேணாம்க்கா. நான் அவன் நல்லதுக்குச் செஞ்சேன்னு தெரிஞ்சா, அந்த ரோஷத்துக்கே மறுபடியும் ஏறி ஓட்டுவான்."

ஸ்டான்லி கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான். அவள் கடை வாசலில் நின்று, அவன் தொண்டை கட்டுகிற வரைக்கும் அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டாள்.